கதவுக்கு வெளியே நிற்பவர்கள்

காஃப்காவின் 'உருமாற்றம்' கதையைப் படித்த யாரிடம் கேட்டாலும், முதல் காட்சியில் ஒரு பூச்சி இருந்தது என்று உடனே சொல்லிவிடுவார்கள். அப்போது மணி என்ன என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கல்லூரி மூன்றாம் வருடத்தில் முதன்முறை படித்தபோது நானும் கவனிக்கவில்லை. முப்பத்தைந்தை நெருங்கும் வயதில் மறுபடி எடுத்தபோதுதான் கண்ணில் பட்டது. மணி ஆறரையைத் தாண்டி ஆறே முக்காலை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கிரகோர் சாம்சா அலாரம் வைத்தது நாலு மணிக்கு. ஐந்து மணி ரயில் போய்விட்டது. அடுத்தது ஏழு மணிக்கு. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தலைதெறிக்க ஓட வேண்டும். துணி மாதிரிகளை இன்னும் எடுத்து வைக்கக்கூட இல்லை.

தன் உடம்புக்கு என்ன ஆயிற்று என்று அவன் திகைப்பது கொஞ்ச நேரம்தான். இன்னும் கொஞ்சம் தூங்கினால் இதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறான். வலப்பக்கம் திரும்பிப் படுத்துத்தான் பழக்கம், இந்த உடம்பில் திரும்ப முடியவில்லை. பிறகு வேலையைப் பற்றிப் புலம்புகிறான். இப்படி விடியற்காலையில் எழுந்து எழுந்து மனுஷன் மழுங்கிப்போகிறான், மனுஷனுக்குத் தூக்கம் வேண்டாமா என்கிறான். அப்புறம்தான் கடிகாரம். ஒருவேளை அலாரம் அடிக்கவில்லையோ? நாலுக்கு வைத்திருப்பது கட்டிலிலிருந்தே தெரிகிறது, அடித்துத்தான் இருக்கும். மேசை நாற்காலியெல்லாம் அதிரும் அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்கினோம்? ஒரு முறையாவது இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளாத ஐடிக்காரர் யாரையும் எனக்குத் தெரியாது.

இந்தக் கதையை அந்நியமாதல், தந்தை-மகன் பகை, குடும்பத்தின் சுரண்டல் என்று பல வழிகளில் படித்திருக்கிறார்கள். எல்லாமே சரிதான். நான் இங்கே இதைக் காலையில் எழ முடியாமல்போன ஒருவனின் கதையாக மட்டும் படித்துப் பார்க்கப் போகிறேன். அப்படிப் படிக்க எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் இன்னொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

2017இல் மேத்யூ வாக்கரின் 'ஒய் வி ஸ்லீப்' வெளிவந்தது. வாக்கர் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தூக்கத்தை ஆராயும் பேராசிரியர். எங்கள் துறையில் பலரும் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள், படிக்காதவர்கள் அதன் யூடியூப் சுருக்கத்தைப் பார்த்தார்கள். நான் படித்தேன், அதுவும் பென்சிலால் கோடு போட்டு.

அதில் விளக்கங்கள் நன்றாகவே இருக்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே போகிறது, அதுதான் தூக்கத்தின் அழுத்தம். காபி அந்த அடினோசினைக் குறைப்பதில்லை, அது போய் உட்காரும் இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. இந்த அழுத்தத்தோடு சம்பந்தமில்லாமல் தனியாக ஒரு உடல் கடிகாரம் கிட்டத்தட்ட 24 மணி நேரச் சுற்றில் ஓடுகிறது, வெளிச்சத்தைப் பார்த்து தன்னைத் திருத்திக்கொள்கிறது. இரண்டும் ஒத்துப்போகிற நேரத்தில் தூக்கம் வருகிறது. இந்த இரட்டை இயக்க மாதிரியை 1982இலேயே சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்துவிட்டார் என்றாலும், வாக்கர் சொல்லும்போதுதான் எனக்குப் புரிந்தது. நல்ல டாகுமென்டேஷன் படிக்கிற சந்தோஷம்.

பிரச்சினை அதன் குரலில் இருக்கிறது. அத்தியாயத்துக்கு அத்தியாயம் மிரட்டல். ஆறு, ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் நோய் எதிர்ப்பு சக்தி நாசம், புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல், அல்சைமர், மாரடைப்பு, சர்க்கரை. 2019இல் அலெக்ஸி குசே என்பவர் முதல் அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். உலக சுகாதார நிறுவனம் தூக்கக் குறைவைக் கொள்ளைநோயாக அறிவித்ததாகப் புத்தகம் சொல்கிறது, அப்படி ஒரு அறிவிப்பே இல்லை. விளையாட்டு மாணவர்களின் காயங்களைப் பற்றிய ஒரு வரைபடத்தில், வாதத்துக்குப் பொருந்தாத ஒரு பட்டை காணாமல் போயிருக்கிறது. புற்றுநோய் இரட்டிப்பாகும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்றுகள் இல்லை. வாக்கர் பிறகு பதில் எழுதினார், சில பிழைகளை ஒத்துக்கொண்டார்.

சரி, எவ்வளவு தூக்கம் வேண்டும்? 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் கூடிப் பேசி, பெரியவர்களுக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ என்றார்கள். அதே வருடம் இன்னொரு அமைப்பு 7 முதல் 9 என்றது, பதின்வயதினருக்கு 8 முதல் 10. அதே 2015இல் ஜெரோம் சீகலின் குழு, தான்சானியாவின் ஹட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே ஆகிய மக்களை, மின்விளக்கின் தாக்கம் இல்லாத அவர்கள் ஊர்களிலேயே அளந்து பார்த்தது. அவர்கள் தூங்கியது சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரம். அதற்காக நமக்கும் ஆறு மணி போதும் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் 'எட்டு' என்பது தெய்வ வாக்கு இல்லை என்று தெரிகிறது. மனிதர்களுக்கு வேண்டிய தூக்கம் ஒரு வீச்சு. அதில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது செருப்பு அளவு மாதிரிதான்.

மிரட்டும் புத்தகத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. கையில் கட்டியிருக்கும் கருவி காட்டும் தூக்க மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டே தூக்கம் கெடுகிறவர்கள் மருத்துவர்களிடம் வரத் தொடங்கினார்கள். 'ஆர்த்தோசோம்னியா' என்று 2017இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். நானும் சில மாதம் அந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நன்றாகத் தூங்கினேனா இல்லையா என்று முடிவுசெய்தேன்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதே புத்தகத்தில் வாக்கர், இரவில் விழித்திருப்பவர்கள் விரும்பி அப்படி இருப்பதில்லை, அது பெருமளவு மரபணுவின் வேலை, சமூகம் அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது அநியாயம் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். என் பிரதியில் புற்றுநோய்ப் பக்கத்தில் இரண்டு கோடு இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. சத்தமாகப் பேசும் புத்தகங்களில் இது ஒரு குறை. அவை மெதுவாகச் சொன்ன உண்மை நம் காதில் விழுவதில்லை.

*

இப்போது சொந்தக் காரணம்.

சில வருடம் முன்பு என் டீமில் ஒரு பையன் இருந்தான். இருபத்து மூன்று வயது, முதல் வேலை. கோடு அருமையாக எழுதுவான். காலை ஒன்பதரை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு மட்டும் வரமாட்டான். வந்தாலும் கேமரா அணைந்திருக்கும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். முந்தைய இரவு அமெரிக்கா கால் முடிவதே பதினொன்றரைக்கு. அதில் அவன்தான் அதிகம் பேசுவான், அந்த நேரத்தில்தான் அவன் மூளை பளிச்சென்று இருக்கும். கேட்டால், "ரெண்டு மணிக்கு முன்னாடி தூக்கமே வரலண்ணா, நாலு அலாரம் வைக்கிறேன், ஒண்ணும் கேக்க மாட்டேங்குது" என்பான்.

நான் அவனுக்கு அறிவுரை சொன்னேன். ஃபோனைத் தள்ளி வை, பத்து மணிக்கு லைட்டை அணை, நான் ஆறு மணிக்கு எழுந்து ஓடப் போகிறேன் பார். பிறகு வாக்கர் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன், உள்ளே "படி, உதவும்" என்று எழுதி. வருட இறுதியில் அவனுடைய அப்ரைசலில் இரண்டு வரி எழுதினேன். நேரந்தவறாமை குறைவு. பொறுப்புணர்வு மேம்பட வேண்டும். அந்த வருடம் அவனுக்கு எதிர்பார்த்த உயர்வு கிடைக்கவில்லை. நாலு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான்.

ஹாஸ்டலில் முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அறைத்தோழன் எனக்குப் பதிலாகக் குரல் கொடுப்பான். மெஸ்ஸில் காலை இட்லியை நாலு வருடத்தில் நான் சாப்பிட்ட நாட்களை எண்ணிவிடலாம். அவனுக்கு அறிவுரை சொன்ன நாட்களில் இதெல்லாம் எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஜெர்மனியின் டில் ரோன்னபெர்க் இந்த விஷயத்தை ஏராளமானவர்களின் தூக்க நேரங்களைத் திரட்டிக் காட்டியவர். சிறு வயதில் சீக்கிரம் எழும் உடல், பதின்வயதில் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகிறது. இருபது வயதை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, அதன்பின் வருடாவருடம் முன்னால் திரும்பி வருகிறது. உடலின் நேரத்துக்கும் அலுவலகத்தின் நேரத்துக்கும் உள்ள இடைவெளிக்கு அவரும் சகாக்களும் 2006இல் 'சோஷியல் ஜெட்லேக்' என்று பெயர் வைத்தார்கள். விமானம் ஏறாமலே, வாரத்துக்கு ஐந்து நாள் வேறொரு தேசத்தின் நேரத்தில் எழுவது. ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை தூங்குவது ஊர் திரும்புவது.

எவ்வளவு தூக்கம் என்று மட்டும் பேசிக்கொண்டிருந்த எனக்கு, எப்போது என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. மூன்று மணிக்குத் தூங்கிப் பதினொன்றுக்கு எழுந்தால் அவனுக்கும் எட்டு மணி நேரம்தான். ஒன்பது மணி அலாரம் அவன் தூக்கத்தின் நடுவில் அடிக்கிறது. எழுந்த பிறகும் மூளை முழுதாகத் தெளிய அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். சரியாக அந்த அரை மணியில்தான் நான் அவனிடம் நேற்று என்ன செய்தாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு மணிக்கு நான் எழுவதை ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் என் வயது.

*

இதற்குப் பிறகு 'உருமாற்றம்' கதையை எடுத்தால், பூச்சியைவிடக் கதவுகள் பெரிதாகத் தெரிகின்றன. கிரகோரின் அறைக்கு மூன்று கதவுகள். மூன்றும் உள்ளே பூட்டியிருக்கின்றன, ஊர் ஊராக விடுதிகளில் தங்கிப் பழகிய விற்பனைப் பிரதிநிதியின் வழக்கம். முதலில் அம்மா தட்டுகிறாள், மென்மையாக, மணி ஆறே முக்கால் ஆகிவிட்டதே என்கிறாள். (நம் வீட்டு அம்மாக்கள் ஆறேகாலுக்கே "மணி ஏழாச்சு" என்பார்கள். கிரகோரின் அம்மா சரியான நேரத்தைச் சொல்வது பாவமாக இருக்கிறது.) பிறகு ஒரு பக்கக் கதவை அப்பா முஷ்டியால் தட்டுகிறார். மறுபக்கக் கதவில் தங்கை, உடம்பு சரியில்லையா, ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறாள். அந்தக் காலையில் அவனைப் பார்த்து இதைக் கேட்டவள் அவள்தான்.

ஏழு மணி தாண்டியதும் அலுவலகத்திலிருந்து தலைமை எழுத்தரே வந்துவிடுகிறார். ஐந்து வருட வேலையில் ஒரு நாள்கூட உடம்பு சரியில்லை என்று படுக்காதவன், ஒரே ஒரு ரயிலைத் தவறவிட்டதற்கு. அவர் கதவுக்கு வெளியே நின்று, அம்மா அப்பா காதுபடப் பேசும் பேச்சை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். முதலில் நேரம் தவறியது. அங்கிருந்து கடமை தவறியது. அங்கிருந்து, அவனை நம்பி ஒப்படைத்த வசூல் பணம் பற்றி முதலாளிக்கு ஒரு சந்தேகம். அங்கிருந்து, அவன் வேலை அப்படியொன்றும் உறுதியானதில்லை என்ற எச்சரிக்கை. கடைசியில், சமீபகாலமாக அவன் வேலையே திருப்தியாக இல்லை என்பது. கதவு இன்னும் திறக்கவில்லை. உள்ளே என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது. தூங்கியவன் அதற்குள் திருடன் வரைக்கும் வந்துவிட்டான்.

நேரந்தவறாமை குறைவு, பொறுப்புணர்வு மேம்பட வேண்டும். என் இரண்டு வரிகளுக்கு நடுவிலும் அதே தாவல் இருக்கிறது. முதல் வரி நான் பார்த்தது. இரண்டாம் வரி நான் கதவுக்கு வெளியே நின்று ஊகித்தது. பல வருடம் என்னை கிரகோராக நினைத்து அந்தக் கதையைப் படித்திருக்கிறேன். இந்த முறை தலைமை எழுத்தரின் வசனத்தில் என் குரல் கேட்டது.

உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பலாமா என்றும் கிரகோர் யோசிக்கிறான். சொன்னால் முதலாளி காப்பீட்டு மருத்துவரோடு வந்து நிற்பார். அந்த மருத்துவருக்கு உலகத்தில் நோயாளிகளே கிடையாது, வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் ஆரோக்கியமானவர்கள்தான் உண்டு. வாக்கரின் புத்தகத்துக்கோ ஆரோக்கியமானவர்களே கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் கேட்பது ஒன்றுதான்: இன்னும் கொஞ்ச நேரம்.

காஃப்காவுக்கு இது வெறும் கற்பனை இல்லை. ப்ராக் நகரத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் அவருக்குக் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டுவரை வேலை. மதியம் தூக்கம், பின்னிரவு வரை எழுத்து, மறுபடி எட்டு மணி. இந்தக் கதையை 1912 நவம்பர், டிசம்பரில் அப்படித்தான் எழுதினார். உடல் எழுத விரும்பும் நேரத்துக்கும் அலுவலகம் கேட்கும் நேரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவர் எழுதிய காலை அது.

பலரும் கடந்துபோகும் இரண்டு இடங்களையும் சொல்ல வேண்டும். ஒன்று, அப்பா. மகன் சம்பாதித்த காலத்தில், அவன் பயணம் கிளம்பும்போது கட்டிலில் புதைந்து கிடந்தவர், பிறகு வங்கியில் சிப்பந்தி வேலைக்குப் போகிறார். சாயங்காலம் சீருடையைக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். காலை ஆறு மணிக்கு வேலை. கட்டிலில் போய்ப் படுங்கள் என்று அம்மாவும் தங்கையும் கெஞ்சுகிறார்கள். காலையில் எழ முடியாத மகனின் இடத்தில் இப்போது அப்பா. அந்த வீட்டில் யாராவது ஒருவர் தூக்கத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், ஆள்தான் மாறுகிறது.

இரண்டாவது, முடிவு. கிரகோர் செத்துப்போன காலையில் அந்தக் குடும்பம் இன்று ஓய்வெடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்கிறது. மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து தத்தம் முதலாளிக்கு ஆளுக்கொரு விடுப்புக் கடிதம் எழுதுகிறார்கள். ஒரு பேனாவும் தாளும் இருந்தால் நடக்கிற காரியம். முதல் பக்கத்தில் கிரகோரால் எழுத முடியாமல் போனது இந்தக் கடிதம்தான்.

*

எழ முடியாதவர், மூடிய கதவு, வெளியே ஆட்கள். இந்தக் காட்சி நமக்குப் புதிதில்லை. மார்கழி மாதத்தில் கோயில் ஸ்பீக்கர் அதைத்தான் நாலரை மணிக்கு நம் காதில் போடுகிறது. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை, பத்துப் பாசுரங்கள், தூங்கும் பெண்களின் வீட்டு வாசலில் நின்று எழுப்புவது. சிறுவயதில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அந்த ஸ்பீக்கரைச் சபித்தவன் நான். அதில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்டதில்லை.

அவர்களும் திட்டத்தான் செய்கிறார்கள், நன்றாகவே. ஒருத்தியிடம், கும்பகர்ணன் உன்னிடம் தோற்று அவன் தூக்கத்தையும் உனக்கே கொடுத்துவிட்டானா என்கிறார்கள். இன்னொருத்தியின் அம்மாவிடம், உங்கள் மகள் ஊமையா செவிடா, இல்லை யாராவது மந்திரம் போட்டுவிட்டார்களா என்கிறார்கள். எங்களையெல்லாம் எழுப்பப் போவதாக வீம்பு பேசியவள் தானே தூங்குகிறாள் என்று ஒருத்தியைக் கிண்டல் செய்கிறார்கள். தோழிகளுக்கிடையே நடக்கிற பேச்சு இது. சோம்பல் என்ற சந்தேகம் அவர்கள் வாயிலும் வருகிறது. ஆனால் அது வளர்ந்து குற்றப்பத்திரிகை ஆவதில்லை. வைணவ உரையாசிரியர்களும் இந்தத் தூக்கத்தைச் சோம்பலாக எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொருத்தியும் ஏதோ ஓர் அனுபவத்தில் ஆழ்ந்து கிடக்கிறாள் என்றே வாசிக்கிறார்கள். உள்ளே இருப்பவளைப் பற்றி நல்லபடியாக ஊகிக்கவும் ஒரு மரபு இருந்திருக்கிறது.

எட்டாம் பாசுரத்தில் ஒரு சின்னத் தகவல் வருகிறது. முன்னாலேயே எழுந்து போய்க்கொண்டிருந்த மற்றப் பெண்களைப் போகவிடாமல் நிறுத்திவைத்துவிட்டு உன்னைக் கூப்பிட வந்தோம் என்கிறார்கள். பன்னிரண்டாம் பாசுரத்தில் தலையில் பனி விழ, வாசலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுப்புவதற்கான விலையை எழுப்புகிறவர்கள் கொடுக்கிறார்கள். ஒருத்தி தாமதமானால் எல்லோரும் தாமதம். பதினைந்தாவதில் உள்ளே இருப்பவளுக்குப் பேச்சே கிடைக்கிறது. சள்ளென்று கத்தாதீர்கள், வருகிறேன் என்கிறாள், சண்டை போடுகிறாள், எல்லோரும் வந்துவிட்டார்களா என்று கேட்கிறாள். வந்தாயிற்று, நீயே வந்து எண்ணிப் பார் என்கிறார்கள்.

தலைமை எழுத்தரும் இந்தப் பெண்களும் செய்வது ஒரே காரியம்தான், கதவுக்கு வெளியே நின்று எழு என்பது. அவருக்கு வேண்டியது அவன் போயிருக்க வேண்டிய ரயில். இவர்களுக்கு வேண்டியது அவள். ரயில் யாருக்காகவும் நிற்காது. இவர்கள் நிற்கிறார்கள்.

இதை ரொம்பவும் இனிப்பாக்கிவிடக் கூடாது என்றும் தெரிகிறது. நோன்பும் ஒரு கட்டுப்பாடுதான், கூட்டமும் ஒரு நிர்பந்தம்தான். அந்த வீடுகளில் முதலில் எழுந்த அம்மாக்களை யார் எழுப்பினார்கள் என்று பாசுரம் சொல்வதில்லை. "மணி ஏழாச்சு" என்று என்னை எழுப்பிய அம்மாவை எழுப்ப எங்கள் வீட்டில் ஆள் கிடையாது. அவளுக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை. இந்தப் பத்துப் பாசுரங்களை ஒரு நிர்வாக ஆலோசனையாகவும் நான் முன்வைக்கவில்லை. எழ முடியாமல் கிடப்பவரைப் பற்றி நம் மொழியில் இப்படியும் பேசியிருக்கிறார்கள் என்பதை, குறள் மடியைக் கெட்டுப்போகிறவர்களின் குணங்களில் ஒன்றாக வைத்ததை மட்டும் மனப்பாடம் செய்து வளர்ந்த நான், தாமதமாகத்தான் பார்த்தேன்.

*

இப்போது என் டீமின் ஸ்டாண்ட்-அப் பதினொன்றரைக்கு. அதனால் பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. பக் குறையவில்லை, கூடவும் இல்லை. ஒன்பதரைக்கே வந்து உட்கார்கிறவர்கள் அமைதியாக வேலை பார்க்கிறார்கள். இதைச் செய்ய எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. அன்றைக்கும் தேவைப்பட்டிருக்காது. அதுதான் உறுத்துகிறது.

போன மாதம் அந்தப் பையனுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன். அப்ரைசலில் இரண்டாவதாக எழுதிய வரியை நான் எழுதியிருக்கக் கூடாது என்று. ராத்திரி ஒன்றே முக்காலுக்குப் பதில் வந்திருந்தது. நான் பார்த்தது காலை ஆறு மணிக்கு.

"பரவால்லண்ணா, அப்போ கஷ்டமாதான் இருந்துச்சு. இங்க மதியம் ஷிஃப்ட், நல்லா போகுது. நீங்க குடுத்த புக்கை இன்னும் முடிக்கலண்ணா, எடுத்தாலே பயமா இருக்கு."

உடனே பதில் போடலாம் என்று ஃபோனை எடுத்தேன். அவன் தூங்கி மூன்று மணி நேரம்கூட ஆகியிருக்காது. பதினொன்று தாண்டட்டும் என்று வைத்துவிட்டேன்.